என் ஏச்சு வாங்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

யாருடைய பெயரையும் இதில் போடவில்லை. கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், கேட்டால் பாதிப்பேர் “வேணாம் அக்கா” என்பீர்கள். நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும், எங்கள் தெருமுனை பிளேன்டீக் கடைக்காரருக்கும் தெரியும், அது போதும்.

தெரியாதவர்களுக்காக: நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்தக் கடையில் பில் போடுகிறவள். 7 வருடமாக இருக்கிறேன். கோபக்காரி என்று எப்போது பெயர் எடுத்தேன் என்று யோசித்தால் 2022தான் ஞாபகம் வருகிறது. அந்த வருடம் கொழும்பில் யாருக்குத்தான் கோபம் வரவில்லை? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, சமையல் காஸுக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, காலையில் சொன்ன விலை பின்னேரம் செல்லாது, அதை ஊரிலிருந்து வந்து நிற்கிற வியாபாரிக்கு நான்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் கத்திக்கொண்டிருந்த காலத்தில் என் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. பிறகு பெட்ரோலுக்குக் கியூஆர் முறை வந்தது, வரிசை குறைந்தது, கரண்டும் ஒழுங்காக வந்தது, என் சத்தம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அம்மா எனக்குப் பரிந்துகொண்டு, “கோபமுள்ள இடத்தில்தான் குணமிருக்கும்” என்பா. அந்தப் பழமொழியை யாரோ ஒரு கோபக்காரர்தான் உண்டாக்கியிருப்பார், ஏச்சு வாங்கின ஒருவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம். மட்டக்களப்புக்குப் போன லொறியில் 21 கட்டு ஏற வேண்டியது, 12 கட்டுத்தான் ஏறியிருக்கிறது. வியாபாரி போனில் கத்தினார். நான் போனை வைத்த கையோடு, கட்டு எண்ணிக் கொடுக்கிற தம்பியைக் கூப்பிட்டு, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ஏசினேன். ஏசினேன் என்றால் சும்மா இல்லை. “லயத்திலிருந்து வந்தா எண்ணக்கூடத் தெரியாதா” என்று கேட்டேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டு எழுதினால் நன்றி சொல்வதிலும் அர்த்தமில்லை. மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்புகிற பொடியன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நன்றி எங்கள் கடை நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). அன்று பின்னேரம் நானா என் மேசையில் பிளேன்டீயை வைத்தார், கிளாசுக்கு அடியில் பில் புத்தகத்தின் கார்பன் பிரதி. என் கையெழுத்து, நான் போட்ட 12. தம்பி நான் எழுதினதைத்தான் எண்ணிக் கொடுத்திருக்கிறான். நானா ஒன்றும் கதைக்காமல் போய்விட்டார். அவர் அந்தப் பேப்பரை முதலாளியிடம் காட்டியிருந்தால் நான் இன்னும் பத்து காரணம் கண்டுபிடித்து வாதாடியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அடுத்த நாள், தம்பியை ஸ்டோருக்குள் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நானாவிடம் சொன்னேன். “மகள், கடைக்கு முன்னால ஏசிட்டு மூலையில போய் மன்னிப்புக் கேட்டா கணக்கு நேராகுமா?” என்றார். கணக்குத் தெரிந்த மனிசன்.

அதனால் நாலு மணி டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, பில் பிழை என்னுடையது என்றும் நான் சொன்ன வார்த்தை அதைவிடப் பெரிய பிழை என்றும் சொன்னேன். தம்பி “பரவால்லக்கா” என்றான். நான் கேட்டு முடிக்கவுமில்லை, அவன் சொல்லிவிட்டான். அவ்வளவு சீக்கிரம் வந்த “பரவாயில்லை”யை நான் நம்பியது பெரிய மடத்தனம். எனக்குக் கீழே வேலை செய்கிறவன் வேறு என்னத்தைச் சொல்வான்?

இரண்டாவது நன்றி 1926 என்ற போன் இலக்கத்தில் என்னோடு கதைத்த தங்கச்சிக்கு. தேசிய மனநல நிறுவகத்தினுடையது அது, என் மகள்தான் போனில் போட்டுத் தந்தாள். (அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும், கடையில் மிச்சமானதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டியதை எல்லாம் பொறுத்ததற்கு.) இரவு பதினொன்றரைக்கு எடுத்தேன். கோபம் வந்தால் என்னால் அடக்க முடியாது என்று அழுதுகொண்டு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முதலாளியில கோபம் வந்தா என்ன செய்வீங்கள் அக்கா?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன் என்றேன். “அப்ப அடக்க முடியுது” என்றார். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேனோ தெரியாது. என் கோபம் கண்ணை மூடிக்கொண்டு வருவதில்லை, யார் திருப்பிக் கதைக்க மாட்டார்கள் என்று நன்றாகப் பார்த்துத்தான் வருகிறது. தம்பி, பொதி கட்டுகிற பிள்ளைகள், மூட்டை தூக்குகிற நாட்டாமை ஐயா, பஸ் கொண்டக்டர், மகள். பட்டியல் போட்டுப் பார்த்தேன், ஒருவர்கூட எனக்கு மேலே இல்லை.

கத்துவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொன்னதும் அவர்தான். எனக்குக் காது சுடும், தாடை இறுகும். காது சுட்டால் எழும்பி ஸ்டோருக்குப் போய் எதையாவது எண்ணிவிட்டு வருவேன். கடையில் இப்போது அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், “அக்கா ஸ்டொக் எடுக்கிறா” என்று. டொக்டரிடமும் போனேன், பிரஷர் 160க்கு 100, குளிசை போடுகிறேன். பின்னேரம் பஸ்ஸை விட்டுவிட்டுக் கோட்டையில் ரயில் எடுக்கிறேன், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று கடலோரமாகவே வந்து வெள்ளவத்தையில் இறங்கி, கொஞ்ச நேரம் கல்லில் இருந்துவிட்டுத்தான் வீடு. நெரிசலில் தொங்கிக்கொண்டு வருவதுதான், ஆனாலும் கடல் தெரிகிறது.

ஏப்ரலில் நடந்ததையும் எழுத வேண்டும். புதுவருடம் முடிந்து கடை திறந்த அன்று, பொதி கட்டுகிற சிங்களத் தங்கச்சி வெற்றிலைக் கட்டை என் கையில் தந்து குனிந்து கும்பிட்டாள். பெரியவர்களிடம் வருடத்துப் பிழையெல்லாம் பொறுக்கச் சொல்லிக் கேட்கிற அவர்களுடைய வழக்கம் அது. வருடம் முழுக்க அவளுக்கு ஏசினது நான், பொறுக்கச் சொல்லிக் கும்பிடுகிறது அவள். கைவிசேடம் கொடுக்க எடுத்து வைத்த காசு கையிலேயே இருந்தது. “சமாவென்ன நங்கி”, மன்னித்துக்கொள் தங்கச்சி என்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானும் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நன்றி.

இன்னொன்று. இந்தக் கடைக்கு வருமுன் நான் வேலை செய்த இடத்தில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்தார்கள், அவர்கள் போட வேண்டிய 12 வீதத்தையும் சேர்த்துக் கட்டவில்லை, பல மாதங்கள். அந்தப் பழைய முதலாளியை நினைத்தாலே நித்திரை போகும். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்கு என்னோடு அலைந்த, படிவங்களை நிரப்பித் தந்த பழைய சிநேகிதிக்கு நன்றி. போன ஆடிவேல் திருவிழாவில், தேர் பார்க்க நின்ற கூட்டத்தில் அந்த முதலாளியே எதிரில் வந்து “எப்படியம்மா சுகம்?” என்றார். சுகம் என்றேன். காது சுடவில்லை. மகள் பிறகு கேட்டாள்:

“மன்னிச்சிட்டீங்களா?”

“ஓம்.”

“அப்ப கேஸ்?”

“அது நடக்கட்டும்.”

மன்னித்தால் காசையும் விட்டுவிட வேண்டும் என்று எனக்கு அறிவுரை சொன்ன இரண்டு பேருக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. விசாரணை நடக்கிறது, நானும் போய்வருகிறேன்.

கடைசியாகத் தம்பிக்கு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லொறி போய் அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, நீ நேராக என் மேசைக்கு வந்து, “அக்கா, நான் ரெண்டு கட்டு கூட ஏத்திட்டேன்” என்றாய். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வியாபாரியும் போன் போட்டுக் கேட்கவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், முன்னைய நாளில் இருந்திருப்பாய். கை நடுங்காமல் நின்று சொன்னாய். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. டிரைவருக்கு போன் போட்டோம், களனிப் பாலம் தாண்டியிருந்தார், திரும்பி வரும்போது கொண்டுவருகிறேன் என்றார், கதை முடிந்தது. உனக்கு அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையாக இருந்திருக்கும்.

வருகிற சனிக்கிழமை கடை பூட்டின பிறகு எல்லோருக்கும் கொத்து ரொட்டி, என் செலவு. நானாவுக்கு மாடு, நங்கிக்கு முட்டை, எனக்கு மரக்கறி. தம்பி, எத்தனை பேர் என்று நீயே எண்ணிச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பில் அக்கா