‘எதுவும் வேண்டாம்’ என்று ஒரு வட்டம்

மடிக்கணினி நிறுவனங்களின் விற்பனைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் தளத்தில் ரேம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எவ்வளவு என்றெல்லாம் தேர்ந்தெடுக்க விடுகிறீர்கள். இயங்குதளம் என்ற இடத்தில் மட்டும் விண்டோஸ் ஹோமா, புரோவா என்பதோடு முடிந்துவிடுகிறது. கீழே ‘எதுவும் வேண்டாம்’ என்று தேர்ந்தெடுக்க ஒரு வட்டம் போட்டு, விண்டோஸுக்கான காசைக் கழித்துவிடுங்கள்.

பல வருடங்களாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில்தான் வேலை செய்கிறேன். பழைய கணினி படுத்துவிட்டதால் உங்களில் ஒருவருடைய கணினியை விண்டோஸோடு வாங்க வேண்டியதாயிற்று. முதல்முறை திறந்ததும் உரிம ஒப்பந்தம் வந்தது. ‘ஏற்கிறேன்’ பொத்தானைத் தொடாமல் அதை முழுக்கப் படித்தேன். (படித்தவர்கள் சங்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்துகொள்கிறேன்.) ஏற்காதவர்கள் கணினித் தயாரிப்பாளரிடம் கேட்டு, அவருடைய விதிப்படி திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றது. திரையைப் படமெடுத்து, ரசீதையும் இணைத்து அனுப்பினேன்.

முதல் பதிலில் வரிசை எண் கேட்டார்கள். அடுத்ததில் விண்டோஸை எப்படி மறுபடி நிறுவுவது என்று படம் போட்டு விளக்கினார்கள். மூன்றாவதில், லினக்ஸ் போட்டால் வாரண்டி சிக்கலாகலாம் என்று ஒரு எச்சரிக்கை. நான் அதைக் கேட்கவே இல்லை. கடைசியில், வேண்டாமென்றால் கணினியையே திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். கணினி மேல் எனக்கு என்ன கோபம்? கீபோர்டு அருமையாக இருக்கிறது. இப்படியே மூன்று வாரம், புதுக் கணினி அந்த ஒப்பந்தத் திரையைத் தாண்டாமல் மேசையில் கிடந்தது.

பொறுமை போய் பென்டிரைவைச் செருகி லினக்ஸ் போட்டுவிட்டேன். ஆனால் விண்டோஸ் 8 காலத்திலிருந்து உரிமச் சாவியை நீங்கள் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (வன்பொருளோடு பதிந்து வரும் மென்பொருளில்) எழுதிவிடுகிறீர்கள். வட்டைத் துடைத்தாலும் நான் காசு கொடுத்த சாவி உள்ளேயே கிடக்கிறது. எனக்கு உதவாது, இன்னொருவருக்கும் கொடுக்க முடியாது. கொசுறு என்றால் காசு வாங்கக் கூடாது. காசு வாங்கினால் வேண்டாமென்று சொல்ல விட வேண்டும்.

விண்டோஸுக்குப் பதில் ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளத்தோடு வரும் மாடல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். நான் தேடிய மாடலில் இல்லை. பெரும்பாலானோர் விண்டோஸ்தான் கேட்கிறார்கள் என்பீர்கள். சரி, அவர்களுக்குக் கொடுங்கள். சேர்த்து விற்பதே தவறாகிவிடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016-இல் சொன்னதும் தெரியும். ஆனால் இத்தாலியில் ஒருவர் இதே விண்டோஸ் காசைக் கேட்டு வழக்குப் போட்டார். திருப்பித் தரச் சொன்னது வெறும் 42 யூரோ. கணினி நிறுவனம் விடாமல் மேல்முறையீட்டுக்குப் போனது. 2020-இல் மோன்சா நீதிமன்றம் கூடுதலாக 20,000 யூரோ கொடுக்கச் சொன்னது. கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும்.

2024-லிருந்து பல கணினிகளின் கீபோர்டில் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்கும் ஒரு பொத்தான் வந்துவிட்டது. விண்டோஸ் சின்னம் போட்ட பொத்தான் ஏற்கெனவே இருக்கிறது. என் விரலுக்கு இடம் விட்டால் போதும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது அதே ஒரு வட்டம்தான்: ‘எதுவும் வேண்டாம்’. அடுத்த மாடலிலாவது சேர்த்துவிடுங்கள். அப்புறம், என் புகாரைத் ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடிவிட்டதாக நேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தயவுசெய்து அதை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விண்டோஸுக்குக் காசு கொடுத்த ஒரு லினக்ஸ் பயனர்