பெயரை நீக்கச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

அன்புள்ள ஆயர் ஐயா அவர்களுக்கும் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டியாருக்கும் தோத்திரம்.

சபைப் பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுக்கலாமா என்று சில மாதங்களாக யோசிக்கிறேன். சபை எலெக்ஷன் சண்டை காரணமில்லை. ஞானஸ்நானம் பெறாதவர் எவரானாலும் முடிவே இல்லாத நரகம்தான் என்று நம் பிரசங்க பீடத்தில் சொல்வதை இனி என்னால் நம்ப முடியவில்லை.

அம்மா இறந்தபின் புரசைவாக்கம் வீட்டில் வைத்த ஆறுதல் கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். கடைசி நாட்களில் அம்மாவுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். கஞ்சியை இரண்டு தரம் வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, குழாய் அடைக்காமல் ஊற்றியவர் பக்கத்து வீட்டு அக்கா. மாங்காடு அம்மனைக் கும்பிடுகிறவர். அன்றைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துவிட்டு வாசலோரம் நின்றிருந்தார். செய்தி கொடுக்க வந்த ஊழியர் அவரைப் பார்த்தே, "இயேசுவை ஏற்காமல் மரித்தால் அக்கினிக் கடல்தான்" என்றார். நம்மவர்கள் ஆமென் சொன்னார்கள்.

மத்தேயு 25-இல் நித்திய ஆக்கினை என்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா கேட்பது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, வியாதிக்காரனை விசாரித்தாயா என்றுதான். ஞானஸ்நானம் பெற்றாயா என்ற கேள்வியே அங்கே இல்லை. நாம் ஆராதனையில் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் நித்திய ஜீவன் உண்டு, நித்திய நரகம் இல்லை. நிசேயா பிரமாணத்திலும் இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் இணைந்து நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது, பிரமாணங்களின் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. நியாயமான விளக்கச் சுதந்திரத்தை 'ஐக்கியத்தின் அடிப்படை' என்ற இணைப்பு ஆவணத்திலேயே எழுதிவைத்தார்கள். நம் முன்னோர் கொடுத்த அந்த இடத்தை நாம் ஏன் அடைக்கிறோம்?

மூப்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "சாத்தான் சோதிக்கிறான், ஜெபம் பண்ணும்மா" என்றார். ஜெபம் பண்ணித்தான் கேட்கிறேன், ஐயா. கன்னிப் பிறப்பைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. அதோடு ஆலயத்தில் உட்கார என்னால் முடியும். இந்த நரகப் போதனையோடு முடியாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுங்கள். நரகத்தைப் பற்றி என்னைப்போல் நினைக்கிறவர் திருவிருந்தில் பங்குபெறலாமா, ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கலாமா? எழுத்தில் பதில் தாருங்கள். முதலில், சபையின் சார்பில் யாராவது அந்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். பதில் வரும்வரை சந்தாவை நிறுத்த மாட்டேன். இடமில்லை என்றால், நீக்கல் கடிதத்தை நானே சபை ஆபீஸில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினர் ஒருத்தி