பொதியின்ர நிறையை மட்டும் போடாதேங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரில உலர் உணவுப் பொதி குடுத்த செய்தி ஒண்டு வந்தது, 11 கிலோ நிறையுள்ள சத்தான பொதி எண்டு. அந்தச் 'சத்தான' எண்ட சொல்லு ரெண்டு நாளா மனசில முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டு கிடக்குது. அதே பொதி எங்கட ஒழுங்கைக்கும் வந்தது, நான் என்ர கையாலயே பிரிச்சுப் பாத்தனான். வெள்ளைப் பச்சையரிசி 5 கிலோ, கோதுமை மா 2, சீனி 2, பருப்பு ஒரு கிலோ, நூடில்ஸ் அஞ்சு பக்கற், சோயாமீற், பிஸ்கட், ஒரு டின் மீன்.

பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். நிலத்தில இருந்து ஒவ்வொண்டா எடுத்து அரிசி, மா, சீனி, பிஸ்கட், நூடில்ஸ், சோயாமீற் எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளிவச்சா, மடியில மிஞ்சினது பருப்பும் டின் மீனும்தான். "பிள்ளை, இந்தச் சீனியைக் கடைக்காரத் தம்பியிட்டக் குடுத்துக் கொஞ்சம் கௌபியும் ஒரு கட்டு வல்லாரையும் மாத்தித் தருவியோ" எண்டு கேட்டா. நான் மாத்திக் குடுத்தனான். சத்து எது எண்டு அந்த மனுசிக்குத் தெரியுது ஐயா.

2022 செப்டெம்பரில சாப்பாட்டுச் சாமான் விலை முந்தின வருஷத்தை விட 90 சதவீதத்துக்கு மேல ஏறிக் கிடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்ப ஒரு மண்டபத்தில நானும் நிண்டு பொதி கட்டினனான், வயிறு நிரம்பினாப் போதும் எண்ட நேரம் அது. ஆனா அப்பவே கேட்டனான், சீனியைக் குறைச்சுப் பாசிப்பயறு போடுவமே எண்டு. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதோ எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டிச்சினம். அது இண்டைக்கும் ஆறேல்லை. அதைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதினனான், நீங்கள் போடேல்லை.

அமெரிக்காவில இப்பிடி இல்லாத சனத்துக்குச் சாப்பாடு குடுக்கிற இடங்களில முந்தி எத்தனை இறாத்தல் குடுத்தம் எண்டுதான் கணக்கு. இப்ப கனக்க இடங்களில ஒவ்வொரு சாமானிலயும் நிறைவுற்ற கொழுப்பு (கூடினா உடம்புக்குக் கூடாத கொழுப்பு), உப்பு, சீனி எவ்வளவு எண்டு பாத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு பிரிக்கினம், 2020 இல அதுக்கெண்டே ஒரு வழிகாட்டியும் வந்தது. டின்னில அடைச்ச மரக்கறி எண்டாலும் ஒரு நேரத்துக்கு எடுக்கிற அளவில உப்பில இருக்கிற சோடியம் 480 மில்லிகிராம் வந்திட்டா சிவப்புத்தான். எங்களுக்கும் இது புதுசில்லையே, 2016 இல இருந்து சோடாப் போத்தலில நிறம் போட வேணும் எண்டு சட்டம், 100 மில்லிலீற்றரில 11 கிராமுக்கு மேல சீனி எண்டாச் சிவப்பு. காசு குடுத்து வாங்கிறவைக்கு நிறம் காட்டலாம், சும்மா வாங்கிற சனத்துக்கு நிறை மட்டும் போதுமோ? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா உப்பு எண்டு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, நூடில்ஸுக்குள்ள இருக்கிற அந்தச் சின்னத் தூள் பக்கற்றை ஒருக்கா நாக்கில வச்சுப் பாருங்கோ.

1973 இலயே சோளமும் சோயாவும் சேர்த்துத் திரிபோஷ மா குடுக்கத் தொடங்கின நாடு ஐயா இது, கர்ப்பிணிக்கும் நிறை குறைஞ்ச பிள்ளைக்கும் என்ன வேணும் எண்டு பாத்துத்தான் குடுத்தது. இப்ப பொதி தாறவை பனரைத்தான் பெரிசா அடிக்கினம், வெயிலில ரெண்டு மணித்தியாலம் லைனில நிண்ட சனத்தைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கினம்.

நான் கேக்கிறது ஒண்டுதான். இனிமேல் இப்பிடிச் செய்தி போடேக்க நிறையோட சேர்த்து பொதிக்குள்ள என்னென்ன சாமான், எவ்வளவு எண்டு ஒரு வரி போடுங்கோ. குடுக்கிறவையும் அதைப் பாத்தாவது அடுத்த முறை ஒரு கிலோ சீனியைக் குறைச்சுக் கடலையோ பயறோ போடுவினம். ஆச்சியின்ர படத்தையும் கேக்காமத்தான் போட்டிருக்கிறியள், அவ இன்னும் பாக்கேல்லை, நான் காட்டவும் இல்லை.

இப்படிக்கு,
30 வருஷமா உங்கட பேப்பர் எடுக்கிற வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06