ஓடி முடித்த பிள்ளைகளை நிற்க வைக்காதீர்கள்

மாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் 1500 மீட்டர் ஓட்டம் முடிந்ததும், சிறப்பு விருந்தினருக்காக மைதானத்தில் வரிசையில் நிறுத்தப்பட்ட என் மகள் மயங்கி விழுந்ததை மேடையிலிருந்தே பார்த்தீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அதன்பின் ஒலிபெருக்கியில் ஒருவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது: "காலையில் சாப்பிடாமல் வந்தால் இப்படித்தான் ஆகும்."

என் மகள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அவளை வீழ்த்தியது வயிறு அல்ல, நீங்கள் நிறுத்தி வைத்த வரிசை.

ஓட்டம் தொடங்குமுன்பே மூளை இதயத்தை முடுக்கிவிடுகிறது. இதயத்தின் வேகத்தைக் குறைத்து வைக்கும் வேகஸ் நரம்பு முதலில் தன் பிடியைத் தளர்த்துகிறது. ஓட்டம் கடுமையாகும்போது இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் பொறுப்பேற்கின்றன. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இறைக்கும் வளர்ந்தவரின் இதயம், கடும் ஓட்டத்தில் 20 லிட்டர்வரை இறைக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே போகிறது. அதற்காகக் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. கால் தசைகளில் உள்ளவை விரிகின்றன. வெயிலில் தோலின் நாளங்களும் விரிந்துகொள்கின்றன.

காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டுமே! ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை இறுகி, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. ஓடி வந்தவளை அசையாமல் நில் என்றால் அந்தப் பிழிதல் அப்போதே நின்றுவிடும். விரிந்த நாளங்களோ உடனே சுருங்கிவிடுவதில்லை. போதாததற்கு வேகஸ் நரம்பும் திரும்பி வந்து இதயத்தை நிதானப்படுத்துகிறது. இரத்தம் காலிலேயே தேங்க, அழுத்தம் சரிந்து, மூளைக்குப் போதாமல் கண் இருள்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களும் இப்படி விழுவதுண்டு.

படுத்த நிலையில் இரத்தம் இதயத்துக்கு எளிதில் திரும்பும். நினைவும் பெரும்பாலும் உடனே வந்துவிடும். ஆனால் அவளை இருபுறமும் தாங்கி நிமிர்த்தி நிறுத்தினார்களே! நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், ஐயமில்லை. ஆனால் அப்படி நிறுத்தியதால்தான் மறுபடியும் சாய்ந்தாள்.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஓடி முடித்தவர்களைப் பத்து நிமிடம் மெதுவாக நடக்க விடுங்கள்.

சிறப்பு விருந்தினரின் கார் இன்னும் வரவில்லை என்றால் அவருக்காகக் காத்திருக்கப் பந்தலுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், மின்விசிறியும் இருக்கிறது. உச்சி வெயிலில் சால்வை போர்த்திக்கொண்ட பெரியவர்கள் யாருக்கும் மயக்கம் வரவில்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆண்டு முழுவதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, விழா நாளில் மட்டும் 'உடலினை உறுதி செய்' என்று பதாகை கட்டுவதைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். அது வேறு வழக்கு, இப்போது வேண்டாம்.

அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையில் தயவுசெய்து இவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஓட்டம் முடிந்ததும் பிள்ளைகள் நடக்க வேண்டும். அணிவகுப்பும் பரிசளிப்பும் பிறகு. யாராவது மயங்கினால் நிழலில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை விழுந்தால், அல்லது படுக்க வைத்தும் தெளியாவிட்டால், அது இதயக் கோளாறாகவோ வெப்பத் தாக்காகவோ இருக்கலாம். அப்போது குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு நிற்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பத்து நிமிடம் நடக்க விட்டால் போதும். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்று ஓடிய மாணவி ஒருத்தியின் தாய்