கேள்வி கேட்டுத் தாங்கியவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான எல்லோருக்கும்,

பணித்தளத்தின் தலைமைப் பொறுப்பை உள்ளூர் சபையாரின் கையில் ஒப்படைத்துவிட்டோம். சாவிகள், கணக்குப் புத்தகங்கள், பத்திரங்கள் எல்லாம் கைமாறி, புதிய பொறுப்பாளர்கள் வேலையைத் தொடங்கியும் விட்டார்கள். ஒப்படைப்பு ஆராதனையில் என்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். பேசப்பட வேண்டியவர்களில் பலர் அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், இன்னும் பலர் அந்தப் பணித்தளத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் வருடக்கணக்காக அதைத் தாங்கியவர்கள். உங்களுக்குத்தான் இந்த மடல்.

ஜெபித்தீர்கள், காணிக்கை அனுப்பினீர்கள், பிள்ளைகளின் படிப்பைக் கவனித்துக்கொண்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் மனதார நன்றி. ஆனால் இவற்றோடு நீங்கள் செய்த இன்னொன்றை யாரும் உதவி என்று கணக்கில் எடுப்பதில்லை. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். நீங்கள் கேள்வி கேட்டீர்கள். ஊழியக்காரரிடம் கேள்வி கேட்பதே பாவம் என்பதுபோல நம் சபைகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது கணக்கு கேட்டால் உடனே "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வசனம் காட்டி வாயை அடைத்துவிடுகிறோம். இது ஊழியத்துக்கும் நல்லதல்ல, ஊழியக்காரருக்கும் நல்லதல்ல. மோசே காலை முதல் சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தபோது, நீர் மட்டும் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்டவர் அவருடைய மாமனார் எத்திரோ. ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தனித்தனித் தலைவர்கள் என்ற ஏற்பாடு அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. கேட்டவர் இஸ்ரவேலர்கூட இல்லை, மீதியானின் ஆசாரியர். மோசே அவர் சொல்லைக் கேட்டார் என்று யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. தலைமைத்துவப் பயிற்சிகளில் எத்தனையோ பாடம் நடத்துகிறோம், இந்த அதிகாரத்தை இன்னும் அழுத்தி நடத்தலாம்.

முதலில் எங்கள் பொருளாளர் அண்ணாவுக்கு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு தாளில் பஸ் டிக்கெட்டுகளை வரிசையாக ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் குறித்து, "இந்தப் பில்லில் தேதி இல்லையே", "இந்தப் பயணம் ஊழியத்துக்கா, வீட்டு வேலைக்கா" என்று தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பீர்கள். காணிக்கையை ஒருவர் தனியாக எண்ணக் கூடாது, இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டீர்கள். தொகை சிறியதாக இருந்தாலும் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகள் சேர்த்த பணத்தை எடுத்துச் செல்லும்போது, ஒருவரும் குற்றஞ்சாட்ட இடம் இருக்கக் கூடாது என்று பவுல் தம்மோடு சபைகளின் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொண்டார், 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது. அண்ணா, எங்கள் மேல் ஒரு சந்தேகப் பேச்சு வந்த நாளில் நான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, உங்கள் நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தால் போதுமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெபக்குழு அம்மாமாருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் அனுப்பும் ஜெபக்குறிப்புகளை நீங்கள் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி இடம் விட்டு வைப்பீர்கள் என்பது விடுமுறைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பதில் வந்தால் எழுதுவதற்கு அந்த இடம். வராவிட்டால் எனக்குக் கடிதம் வரும்: "தம்பி, அந்தக் கிணற்று விஷயம் என்ன ஆச்சு?", "அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா?" பொதுவாக 'ஊழியத்துக்காக ஜெபியுங்கள்' என்று எழுதினால் நீங்கள் விட மாட்டீர்கள், எதற்காக, யாருக்காக என்று கேட்பீர்கள். அதனாலேயே நானும் ஆட்களின் பெயரையும் தேவையையும் நினைவில் வைத்துக்கொண்டு ஜெபிக்கப் பழகினேன். எனக்கு ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று யாராவது கேட்டால் உங்களைத்தான் சொல்வேன்.

அடுத்தவர் கிறிஸ்தவர் இல்லை. எனக்கு மொழி கற்றுக்கொடுத்த வாத்தியார். அவருக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் முடியாது, அவர் இதைப் படிக்கப்போவதும் இல்லை, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பாடத்திலேயே அவர் கேட்ட கேள்வி, "எங்கள் மொழியைப் படித்து எங்களிடம் பேசப்போகிறீர்கள், சரி, நாங்கள் பேசுவதைக் கேட்கவும் போகிறீர்களா?" நான் ஆம் என்றேன். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் துக்க வீடு ஒன்றுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் முழங்கையைப் பிடித்து, "இன்றைக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், உட்காருங்கள்" என்றார். உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தோம். மகனை இழந்த தகப்பன் எதிரே இருந்தார், அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. நெடுநேரம் ஆகியிருக்கும், கிளம்பும்போது அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று அன்று இரவு வேதத்தைத் திறந்து மறுபடி வாசித்தபோது எனக்குத் தோன்றியது. பிறகு வந்த மாதங்களில் அந்தத் தகப்பன் எங்கள் வீட்டுக்குத் தானாகவே வந்தார், அவர் கேட்க நான் பேசினேன்.

மிஷனரிகளின் வரலாற்றில் இப்படிப்பட்ட வாத்தியார்களின் பெயர் அதிகம் வருவதில்லை, அது எனக்கு எப்போதும் ஒரு குறை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழ் மக்களுக்கு அவர்களுடைய வாழ்க்கையையும் நம்பிக்கையையும் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய நூலை, அங்கே இருந்த பெரியவர்கள் அச்சிட மறுத்தார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதைப் பரப்பவா என்பது அவர்கள் வாதம். அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. அத்தேனே பட்டணத்தில் பவுல் செய்ததும் வேறொன்றும் இல்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தார், பலிபீடத்தில் எழுதியிருந்ததை வாசித்தார், அவர்கள் புலவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார். பார்ப்பதும் கேட்பதும் முதலில் நடந்தது, மார்ஸ் மேடைப் பிரசங்கம் அப்புறம்.

இதே காரியத்தை எங்களுக்கு இந்தக் காலத்து வடிவில் கற்றுக்கொடுத்தவர்கள் வாலிபர்கள். தம்பி தங்கைகளே, உங்களுக்கு இந்த மடலில் அதிக இடம் தருகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டும் பிரசங்கமும் இல்லாமல் கேள்விகளுக்கு மட்டும் ஒரு கூட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். மூப்பர்களில் சிலர் தயங்கினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் நன்றி. பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம், ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்போம் என்று ஏற்பாடு. பரிணாமம், வேற்று மதத்தில் திருமணம், கைப்பேசியில் பார்க்கும் அசிங்கங்களிலிருந்து வெளியே வருவது, சபைத் தலைவர்களின் வீழ்ச்சி, செயற்கை நுண்ணறிவிடம் பிரசங்கம் எழுதி வாங்குவது சரியா என்பது வரை எல்லாம் அந்தப் பெட்டியில் வந்தது. ஒரு சீட்டை என்னால் மறக்க முடியாது. "எங்கள் அப்பாவுக்காக எல்லோரும் ஜெபித்தார்கள், அவர் இறந்துவிட்டார். சபையில் பிழைத்தவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்கிறார்கள். நான் எங்கே போய் நின்று என்ன சொல்வது?"

அதை வாசித்ததும் யாரும் பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்ல அவசரப்படவில்லை என்பதற்காகவே உங்கள் எல்லோருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி எழுந்து, "எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றான். இன்னொருவள் அழுதாள். அதற்குப் பிறகு சாட்சி நேரத்தில் இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து பேச ஆரம்பித்தார்கள். சங்கீதங்களில் பல புலம்பல்கள்தான், அதற்கு நம் ஆராதனையில் ஒரு இடம் கிடைத்தது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை' என்று சொல்கிறவர்களை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. விசுவாசம் இல்லாதவர் அந்தச் சீட்டை எழுத மாட்டார், பேசாமல் போய்விடுவார். லெஸ்லி நியூபிகின் 1936இல் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்தவர், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் முதல் பேராயர்களில் ஒருவரானார். 1974இல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனபோது தன் சொந்த நாடே மிஷனரிப் பணித்தளமாக ஆகியிருப்பதைக் கண்டு, ஓய்வு பெறும் வயதில் அந்த வேலையை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். தூரத்து ஜனங்களுக்குக் காட்டும் பொறுமையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

செய்திமடலையும் சமூக வலைத்தளப் பக்கத்தையும் கவனித்துக்கொண்ட தங்கைக்கு. ஒரு படம் போடுவதற்கு முன், "அவர்களிடம் கேட்டோமா? இந்தப் பிள்ளை பெரியவளாகி இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?" என்று கேட்டு, அதையே எங்களுக்கு விதியாக ஆக்கிவிட்டீர்கள். படத்தில் இருப்பவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அது வெளியே போகும். நோயாளிகளின் முகத்தையும் கிழிந்த உடையையும் காட்டிக் காணிக்கை கேட்கும் விளம்பரங்கள் பெருகிப்போன காலத்தில், அவர்களுடைய மானத்துக்கு நீங்கள் காவல் இருந்தீர்கள்.

என் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி. பலர் ஊழியம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்பார்கள், அதோடு முடிந்துவிடும். சிலர் மட்டும் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எப்படி இருக்கிறாய், தூக்கம் வருகிறதா?" என்று கேட்டார்கள். மிஷனரி வில்லியம் கேரியின் வேத மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பேசும் நாம், அவரோடு 1793இல் இந்தியாவுக்கு வந்த அவர் மனைவி டாரதி அம்மாளைப் பற்றிப் பேசுவதில்லை. மறு வருடமே மகன் பீட்டர் இறந்துபோக, அந்த அம்மாள் மனநோயில் விழுந்து 1807இல் இறந்தார். அவரிடம் அப்படிக் கேட்க ஆள் இருந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். அக்காமாரே, நீங்கள் கேட்டதால்தான் எங்கள் வீடு நின்றது.

கடைசியாக, இப்போது பொறுப்பேற்றிருக்கும் உள்ளூர்ச் சகோதர சகோதரிகளுக்கு. "நீங்கள் போன பிறகு இது யாருடைய சபை?" என்று நீங்கள் மூப்பர் கூட்டத்தில் கேட்டபோதுதான் ஒப்படைப்பு வேலை உண்மையில் ஆரம்பமானது. தன்னைத் தானே நடத்துவது, தன்னைத் தானே தாங்குவது, தானே சுவிசேஷம் அறிவிப்பது என்ற மூன்றும் சபைக்கு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷனரிச் சங்கங்களின் செயலாளர்களான ஹென்றி வென்னும் ரூபஸ் ஆண்டர்சனும் எழுதிவிட்டார்கள், ஆனால் எழுதியதை நடத்திக் காட்டுவது அங்கிருக்கும் ஜனங்கள்தான். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் தமிழ் ஊழியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, மிஷனரிகளின் தியாகங்களையெல்லாம் நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அது அங்கிருந்த சிலருக்குக் கசந்தது. நீங்கள் எனக்கு அந்த நட்பைக் கேட்காமலே தந்தீர்கள். என்னோடு ஒத்துப்போகாத இடத்தில் முகத்துக்கு நேரே சொன்னீர்கள், அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு விளையாடினீர்கள்.

ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் காணிக்கை அனுப்புகிறவர்கள் இனி என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், பணித்தளத்தின் பொதுக் கணக்குக்கே அனுப்புங்கள், விவரம் பொருளாளர் அண்ணாவிடம் இருக்கிறது. செய்திமடல் அடுத்த மாதம் முதல் புதிய பொறுப்பாளர்களின் கையெழுத்தோடு வரும். அவர்களிடமும் பில்லில் தேதி எங்கே என்று கேளுங்கள், ஜெபக்குறிப்பு என்ன ஆச்சு என்று கேளுங்கள், அவர்கள் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களா என்றும் மறக்காமல் கேளுங்கள். எனக்குக் கடிதம் எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் எழுத இப்போது நேரம் இருக்கிறது.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்