கடந்த ஆண்டின் செயலறிக்கை: 100 புள்ளிக்கு ஒரு கப்பற்படை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேசையில் சிறு கப்பல்களை வைத்துக் கடற்போர் ஆடும் நம் போர்விளையாட்டு மன்றம் வழக்கம்போல் ஞாயிறு மாலைகளில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் கூடியது. தைப்பூசம், தீபாவளி வாரங்களில் மட்டும் விடுமுறை. வேலை தேடிச் சிங்கப்பூர் போனவர்களின் நாற்காலிகளில் இப்போது இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு முழுக்க நாம் வாதாடியது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஆளுக்கு 100 புள்ளி. அதற்குள் ஒரு பாய்மரக் கப்பற்படையைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். முதல் சுற்றில் வந்த பட்டியல்கள் பந்தியில் சோறில்லாமல் பாயசம் மட்டும் பரிமாறியது போல இருந்தன. எங்கு பார்த்தாலும் 74 பீரங்கி ஏற்றிய பெரிய போர்க்கப்பல், நம் பேச்சில் சுருக்கமாக ‘74’. ஒருவர் மூன்றடுக்கு முதல்தரக் கப்பல்களாகவே வாங்கிவிட்டு, மிச்சப் புள்ளியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கலாமா என்று கேட்டார்.

74 நல்ல கப்பல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானியப் படைகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் நிறுத்திய 27 போர்வரிசைக் கப்பல்களில் (வரிசையில் நின்று மோதும் பெரிய கப்பல்கள்) 16 அந்த ரகம். ஆனால் அதே படையோடு, வேகமாக ஓடி வேவு பார்க்கும் நடுத்தரக் கப்பலான ஃபிரிகேட் நான்கும், சின்னப் பாய்க்கப்பல்களான ஒரு ஸ்கூனரும் ஒரு கட்டரும் இருந்ததை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்து, எதிரி கிளம்பியதைக் கொடி காட்டிச் சொன்னவை ஃபிரிகேட்டுகள். சண்டை முடிந்து பாய்மரங்கள் விழுந்து கிடந்த ராயல் சாவரின் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் கயிறு கட்டி இழுத்தது யூரியாலஸ் என்ற ஃபிரிகேட். வெற்றிச் செய்தியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது பிக்கிள் என்ற சின்ன ஸ்கூனர்.

அதனால் இரண்டாம் சுற்றில் மேசைக்குக் குறுக்கே திரை கட்டினோம். எதிரியின் கப்பல் உங்கள் கப்பல் ஏதாவது ஒன்றின் பார்வைக்குள் வந்தால்தான் அது மேசைக்கு வரும். ஓய்வுபெற்ற கிராணி ஐயாவிடம் ஐந்து 74. எதிரில் நான்காம் படிவ மாணவி. அவரிடம் 74 மூன்றுதான், மிச்சப் புள்ளிக்கு இரண்டு ஃபிரிகேட்டும் ஒரு கட்டரும். கட்டரின் பாய் முன்பின்னாகக் கட்டியது. சதுரப் பாய்க் கப்பலைவிடக் காற்றை எதிர்த்து ஏறும். அது ஏறிப்போய் ஐயாவின் வரிசையைப் பார்த்துவிட்டது. அப்புறம் மாணவி தன் மூன்று 74ஐயும் காற்று வரும் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, வரிசையின் வாலில் இருந்த இரண்டு கப்பலின் மேல் இறக்கினார். பின்பக்கத்துச் சன்னல்கள் வழியே நுழைந்த குண்டு கப்பலின் நீளம் முழுக்கப் பாய்ந்தது. முன்னால் போன மூன்றும் உதவிக்குத் திரும்ப வேண்டுமானால் காற்றை எதிர்த்தாக வேண்டும். திரும்புவதற்குள் கதை முடிந்தது.

“எங்கேருந்து வந்தே பாப்பா நீ?” என்றார் ஐயா.

“பார்க்கிறதுக்கு நீங்க ஒரு கப்பலையும் அனுப்பலையே தாத்தா!”

ஐயா மனம் தளர வேண்டியதில்லை. 1798இல் நெப்போலியனின் படையைக் கடலில் தேடிய பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கும் இதே கதிதான். புயலில் ஃபிரிகேட்டுகள் பிரிந்துபோக, ஜூன் மாத இரவொன்றில் நெப்போலியனின் கப்பல்கள் பக்கத்திலேயே போனது அவருக்குத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பே எகிப்தின் அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்து, அங்கே யாருமில்லை என்று திரும்பியும் வந்தார்.

மூன்றாம் சுற்றில் புயல் விதியைச் சேர்த்தோம். கொந்தளிப்பில் 74இன் கீழ்த்தளப் பீரங்கிச் சன்னல்களைத் திறந்தால் கடல் உள்ளே வரும். இருப்பதிலேயே கனமான பீரங்கிகள் அங்கேதான் இருக்கின்றன. 1797 ஜனவரியில் துருவா தெ லொம் என்ற பிரெஞ்சு 74ஐ இரண்டு பிரிட்டிஷ் ஃபிரிகேட்டுகள் இப்படித்தான் விரட்டிப் பிரான்சின் பிரிட்டனிக் கரையில் மோதவைத்தன. இரண்டில் ஒன்றான அமேசானும் அங்கேயே தரைதட்டி உடைந்தது என்பதையும் விதியில் எழுதியிருக்கிறோம்.

இதற்குப் பிறகு, ஒவ்வொரு படையிலும் எல்லா ரகத்திலும் ஒன்று கட்டாயம் என்று விதி வேண்டுமெனச் சிலர் மனுக் கொடுத்தார்கள். நான் அதை ஆதரிக்கவில்லை. நம் ஜொகூர்க் கடலில், ஆவுர் தீவுக்கு அருகே 1804 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சுத் தளபதி லினுவாவிடம் மரெங்கோ என்ற 74, இரண்டு ஃபிரிகேட், அதைவிடச் சின்னதான ஒரு கொர்வெட், இரண்டு பாய்மரமுள்ள ஒரு பிரிக். தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத படை. எதிரில் சீனாவிலிருந்து சரக்கோடு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள். பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் ஒன்றுகூடத் துணைக்கு இல்லை. அவற்றின் தலைவர் நத்தானியல் டான்ஸ் சில கப்பல்களில் போர்க்கப்பற்கொடி ஏற்றி வரிசை கட்டினார். லினுவா அன்று மாலையே மோதாமல் விடியும்வரை காத்திருந்தார். மறுநாள் கொஞ்ச நேரம் சுட்டுவிட்டு ஓடினார். வணிகக் கப்பல்கள் அவரைத் துரத்தவும் செய்தன!

எனவே என் தீர்மானம் இது: வேலையை முதலில் சொல்வோம், படையை அப்புறம் வாங்கட்டும். சரக்குக் கப்பல்களுக்குக் காவல் என்றால் ஃபிரிகேட் அதிகம் வேண்டும்; துறைமுகத்தை அடைப்பதென்றால் பெரியதும் வேண்டும், வேவுக்குச் சின்னதும் வேண்டும்; நேருக்கு நேர் சண்டை என்றால் 74ஐ அள்ளிக்கொள்ளுங்கள். தீ வைத்து எதிரியின் மேல் மிதக்கவிடும் தீக்கப்பல் ஆளுக்கு ஒன்று போதும். 1588இல் கலே அருகே எட்டுத் தீக்கப்பல்கள் ஸ்பானியரை நங்கூரக் கயிற்றை வெட்டவைத்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நங்கூரமிட்டுக் கிடந்தார்கள், நம் மேசையில் யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை.

மற்றவை: பால்மரக் கட்டையில் செதுக்கிய கப்பல்களுக்குச் செம்பனை ஈர்க்கில் பாய்மரம் நட்டுக் கொடுத்த தச்சர் அண்ணனுக்கு நன்றி. மேசையில் கடலாக விரிக்கும் நீலத்துணியைத் துவைக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் போகிறோம். 1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியரும் மோதிய கடல் அது. வேன் வாடகையைப் பகிர்ந்துகொள்வோம், பெயர் கொடுக்காதவர்கள் இன்றே கொடுக்கவும். தீர்மானத்தை வழிமொழிபவர்கள் கை தூக்கலாம்.