மூணு வாரமா எழுதிட்டிருக்கிற லெட்டர்

ஏய், எப்படிடி இருக்க?

உன் மெசேஜ் வந்து மூணு வாரம் ஆச்சு. பார்த்தேன், ப்ளூ டிக்கும் விழுந்துடுச்சு, பார்த்துட்டும் பதில் போடாம இருக்கா பாருன்னு நீ திட்டிட்டுதான் இருந்திருப்ப. திட்டிக்கோ. "நல்லா இருக்கேன்"னு ரெண்டு வார்த்தை போட்டு முடிச்சிருக்கலாம், ஆனா உனக்கு அப்படிப் போட மனசு வரல, ஒருநாள் உட்கார்ந்து நிதானமா எழுதணும்னு நெனச்சு நெனச்சே தள்ளிப்போச்சு. உட்கார்றதுங்கிற அந்த ஒரு விஷயம் மட்டும் இந்த வீட்ல நடக்கவே நடக்காதுன்னு புரிஞ்சப்புறம்தான் கிடைச்ச இடத்துல போன்லயே டைப் பண்ண ஆரம்பிச்சேன். இப்ப எங்க இருக்கேன் சொல்லு, பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்ல.

சின்னவனுக்கு இன்னைக்கு ஃபில்லிங். கடைவாய்ல ஒரு பல்லு கருப்பா இருந்துச்சு, பால் பல்லுதானே எப்படியும் விழுந்துடும்னு நான் பாட்டுக்கு விட்டுட்டேன். போன தடவை டாக்டர் பார்த்துட்டு, ஏங்க இது விழுந்து முளைக்கிற பல்லு இல்ல, நிரந்தரப் பல்லுங்கன்னு சொன்னப்போ எனக்கு முகத்தை எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல. ஆறு வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாமலே, பால் பல்லுக்கெல்லாம் பின்னாடி மேலயும் கீழயும் புதுசா நாலு கடைவாய்ப் பல்லு வந்துடுமாம். எதுவும் விழாததால வீட்ல யாருக்கும் தெரியறதில்ல. பால் பல்லு மொத்தம் 20தான், உன் பொண்ணுக்கும் அந்த வயசுதானே, வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பாரு. 

சரி, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு எப்படி இருக்காங்க? பிசியோ பண்ணும்போது வலிக்குதுன்னு கோவிச்சுக்கிறாங்கன்னு எழுதியிருந்த, படிச்சதுமே அவங்க முகம் கண்ணு முன்னாடி வந்துடுச்சு. விடாத, அந்த எக்சர்சைஸை விட்டா முட்டி மடங்காம இறுகிப்போயிடும். நான் கேட்டேன்னு சொல்லு, எனக்காகவாவது பண்ணச் சொல்லு, அவங்களுக்கு உன்னைவிட என்னைத்தான் எப்பவும் பிடிக்கும்.

(இதுக்கு மேல ரெண்டு நாள் கழிச்சு எழுதறேன்.)

பெரியவ கதைய கேளு. ராத்திரி ஒம்போதரை மணி, பாத்திரம் எல்லாம் கழுவி முடிச்சு லைட்டை அணைக்கப் போறேன், "மா, நாளைக்கு சோலார் சிஸ்டம் மாடல் கொண்டு போகணும்"ங்கிறா. பையைக் கவுத்துப் பார்த்தா அடியில கசங்கி ஒரு சர்க்குலர், தேதி பார்த்தா ரெண்டு வாரம் முன்னாடி. கத்தினேன், கத்தி முடிச்சுட்டு பரண் மேல ஏறி பழைய தெர்மாகோல் பந்து பாக்கெட்டை எடுத்தேன். ஒம்போது பந்து எண்ணி வச்சா, அவ ஒண்ணை எடுத்து ஓரமா வைக்கிறா. "ப்ளூட்டோ கிரகம் இல்லம்மா." 2006-லயே தூக்கிட்டாங்களாம். நாம காலேஜ்ல கேன்டீனே கதின்னு கிடந்த வருஷம்டி அது, நமக்கு எங்க காதுல விழுந்திருக்கும்.

கலர் தீர்ந்துபோச்சு, சைக்கிளுக்கு அடிச்ச ஸ்ப்ரே பெயின்ட் மிச்சம் இருந்துச்சு, அதை எடுத்து வியாழன் மேல ஒரு அடி அடிச்சேன் பாரு, கண்ணு முன்னாடியே பந்து புசுபுசுன்னு குழி விழுந்து உருகுது! அந்த பெயின்ட்ல இருக்கிற சால்வென்ட் தெர்மாகோலைக் கரைச்சிடுமாம், எட்டாங்கிளாஸ்ல கெமிஸ்ட்ரியில ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினவளுக்கு இது ராத்திரி பத்தரைக்குத் தெரியுது. நான் அழுதுடுவேன் போல இருந்தேன், அவதான் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இருக்கிறதுலயே பெரிய குழியில சிவப்பு ஸ்கெட்ச்சை வச்சுத் தேய்ச்சா. வியாழன்ல பெரிய சிவப்புப் புள்ளி ஒண்ணு இருக்குல்ல, புயலு, அதுவாம். மிஸ் அதைத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம். சனிக்கு பழைய சிடி ஒண்ணை வளையமா ஒட்டினோம், பசை காயவே இல்ல, ஹேர் ட்ரையர் புடிச்சு, அப்படியும் காலையில கழண்டு விழுந்து, வண்டியில போற வழியெல்லாம் சனி கிரகத்தை அவ மடியில வச்சு அமுக்கிப் புடிச்சிட்டே போனா.

ஒட்டிக்கிட்டே கணக்கு வேற போட்டோம், நிஜ அளவுல பண்ணா எப்படி இருக்கும்னு. பூமி ஒரு சென்டிமீட்டர் உருண்டைன்னா வியாழன் 11 சென்டிமீட்டர், சூரியன் 109, நம்ம வீட்டுக் கதவுல நுழையாது. அந்த சூரியன்லேர்ந்து பூமியை கிட்டத்தட்ட 117 மீட்டர் தள்ளி வைக்கணும், நெப்டியூனை மூணரை கிலோமீட்டர் தள்ளி. "அப்ப ஸ்கூல்ல சூரியனை வச்சுட்டு நெப்டியூனை நம்ம வீட்லயே விட்டுடலாம்மா"ன்னா. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து அப்படிச் சிரிச்சோம். திட்டின திட்டெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

அந்த வாரம் சனிக்கிழமை இன்னொரு கூத்து. சின்னவனுக்கு ஸ்போர்ட்ஸ் டே, பெரியவளுக்கு பேரன்ட்ஸ் மீட்டிங், ஒரே நாள், முக்கால் மணி நேர வித்தியாசம், இவரு வேலை விஷயமா வெளியூர்ல. மிஸ் ரூம் வாசல்ல எனக்கு முன்னாடி ஆறு பேரு, ஒவ்வொருத்தரும் பிள்ளை ஜாதகத்தையே கேட்டுட்டு வர்றாங்க. முடிச்சுட்டு கிரவுண்டுக்கு ஓடினா சாக்கு ரேஸ் முடிஞ்சு சாக்கை மடிச்சிட்டிருக்காங்க. "பார்த்தியா மா?"ங்கிறான். பார்த்தேன்டான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. இல்லடா கண்ணா, அக்கா மிஸ்கிட்ட மாட்டிக்கிட்டேன்னு சொன்னேன். "பரவால்லமா, நான் விழுந்துட்டேன், நீ பார்க்காததே நல்லது"ன்னுட்டு தண்ணி பாட்டிலை வாங்கிட்டுப் போயிட்டான். வெள்ளை சாக்ஸ் முழுக்க முட்டி ரத்தம். வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணியில ஊற வச்சு அலசிட்டே நின்னேன் (சுடுதண்ணி போட்டுடாத, ரத்தக்கறை அப்படியே புடிச்சுக்கும்), அவன் சொன்னதே காதுல ஓடிட்டு இருந்துச்சு.

இவரு ஊர்லேர்ந்து வந்ததும் சொன்னாரு, "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா டிக்கெட்டை மாத்தியிருப்பேன்ல." நல்ல மனுஷன்தான், சொன்னா செய்வாரு. ஆனா சொல்றதுதான்டி வேலையே! எந்தத் தேதி, எந்தக் கலர் சட்டை, யாருக்கு எப்ப ஊசி, கேஸ் எப்ப தீரும், யாரோட பர்த்டேக்கு கிஃப்ட் வாங்கணும்னு இதெல்லாம் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கு, கை செய்யற வேலை பத்து நிமிஷம்தான், அதை மறக்காம இருக்கிறதுதான் நாள் முழுக்க. நீ சைக்காலஜி படிக்கிறப்போ சொல்லுவியே, ப்ளூமா ஸீகார்னிக்னு ஒரு அம்மா 1927-ல எழுதினது, முடிச்ச வேலையைவிட பாதியில விட்ட வேலைதான் ஞாபகத்துல நல்லா நிக்கும்னு. திரும்பப் பண்ணிப் பார்த்தவங்க எல்லாருக்கும் அதே ரிசல்ட் வரலன்னு நீ இப்ப ஆரம்பிப்ப, தெரியும், ஆனா என் மண்டையைத் திறந்து பாரு, பாதியில விட்டதெல்லாம் வரிசையா கியூவுல நிக்குது.

அதனால ஒண்ணு பண்ணேன். சின்னவன் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து நான் வெளிய வந்துட்டேன். அவரைச் சேர்த்து விட்டேன். இனி அவன் ஸ்கூல் சமாச்சாரம் முழுசும் உங்களுது, நான் ஞாபகப்படுத்த மாட்டேன், கேட்கவும் மாட்டேன்னு சொல்லிட்டேன். முதல் வாரமே கலர் டிரெஸ் போடற நாள்ல இவன் மட்டும் யூனிஃபார்ம்ல போய் நின்னான். எனக்கு முந்தின நாளே தெரியும்டி, பக்கத்து வீட்டு அம்மா சொல்லிட்டாங்க. நாக்கைக் கடிச்சிட்டு இருந்தேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. சாயந்திரம் வந்தவன் அதைப் பத்திப் பேசவே இல்ல, கிளாஸ்ல யாரோ பையைத் திறந்தா பல்லி இருந்துச்சாம், அந்தக் கதைதான் ஒரு மணி நேரம். இவருதான் போன்ல அலாரம் வச்சிட்டாரு, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அடிக்குது, எழுந்து போய் குரூப்பைப் பார்க்கிறாரு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அலாரம் அடிச்சா எனக்கு இன்னும் திக்குங்குது, எதையோ விட்டுட்டோம்னு.

ஸ்கூல்ல எனக்கும் சேர்த்து ரெண்டு கிராஃப் ஷீட் கொண்டு வருவியே நீ, ஞாபகம் இருக்கா? நான் மறந்துட்டு வருவேன்னு உனக்கு முந்தின நாளே தெரியும். எப்படிடி தெரியும், கேட்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன்.

உன் புது வேலை பத்தி நீ ஒரு வரிதான் எழுதியிருக்க, அது பத்தாது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குக் கூப்பிடு, பெரியவளை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு ஒரு மணி நேரம் வண்டிக்குள்ள சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். நாலேகாலுக்கு மேல கூப்பிட்டா தூங்கியிருப்பேன், விடாம அடி.